ஒரு அடி நீளத்தை மிச்சம் பிடிக்க என்ன விலை கொடுக்கிறோம்?

வாசகர் கேள்வி–பதில்: இந்த வாரம் முழுக்க ஷாட்கன்

கேள்வி: டல்லாஸ் புறநகரில் தனி வீடு. மனைவி, 9 வயது மகள், நான். நான் அமெரிக்கக் குடியுரிமை வாங்கி நாலு வருஷம் ஆகிறது. போன மாதம் எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் ஆள் இருக்கும்போதே உள்ளே புகுந்துவிட்டார்கள். வீட்டுப் பாதுகாப்புக்கு ஒரு பம்ப் ஆக்‌ஷன் ஷாட்கன் வாங்கலாம் என்று இருக்கிறேன். புல்பப்தான் என்று முடிவு செய்துவிட்டேன். கெல்-டெக் கே.எஸ்.ஜி, ஸ்மித் அண்ட் வெஸன் எம் அண்ட் பி 12, யு.டி.எஸ்-15, இந்த மூன்றில் எது சார்? கடைக்காரர் கெல்-டெக் கே.எஸ்.7 என்று இன்னொன்றையும் எடுத்துக் காட்டிக் குழப்பிவிட்டார்.

பதில்: கடைக்காரர் குழப்பவில்லை, உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறார். அது ஏன் என்று பிறகு வருகிறேன்.

முதலில் பம்ப், புல்பப் என்றால் என்ன என்பதைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஒவ்வொரு தடவை சுட்ட பிறகும் முன்கைப்பிடியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுவதுதான் பம்ப். சாதாரணத் துப்பாக்கியில் தோட்டா வெடிக்கிற அறை விசைக்கு முன்னால் இருக்கும், விசைக்குப் பின்னால் தோளில் பதிகிற கட்டை இருக்கும். புல்பப்பில் அந்த அறையையும் இயங்கு பாகங்களையும் விசைக்குப் பின்னால், கட்டைக்குள்ளேயே தள்ளிவிடுவார்கள். பேரலின் (குண்டு வெளியேறுகிற குழலின்) நீளம் குறையாது, ஆனால் மொத்த நீளம் குறைந்துவிடும். ஆஸ்திரிய ராணுவம் 1977லேயே ஸ்டெயர் ஏ.யு.ஜி என்ற புல்பப் ரைஃபிளை எடுத்துக்கொண்டது, அதனால் இது ஒன்றும் நேற்றுப் பிறந்த யோசனை இல்லை. பம்ப் ஷாட்கனில் தென்னாப்பிரிக்காவின் நியோஸ்டெட் இரட்டைத் தோட்டாக் குழாயோடு வந்தது, மாஸ்பெர்க் தன் 500ஐ பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்து 1980களில் ஒரு புல்பப் விற்றது. ஆனால் அமெரிக்கக் கடைகளில் இது பரவலாக ஆனது 2011ல் கே.எஸ்.ஜி அறிமுகமான பிறகுதான்.

எவ்வளவு மிச்சம்? 18.5 அங்குல பேரல் உள்ள ஒரு சாதாரண பம்ப் ஷாட்கன், ரெமிங்டன் 870ஓ மாஸ்பெர்க் 590ஓ, சுமார் 39 அங்குலம் இருக்கும். அதே 18.5 அங்குல பேரலோடு கே.எஸ்.ஜி 26.1 அங்குலம். ஒரு அடிக்குக் கொஞ்சம் கூட. அந்த ‘.1’ ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? 1934ஆம் வருஷத்து தேசிய ஆயுதச் சட்டப்படி, ஷாட்கன் என்றால் பேரல் 18 அங்குலத்துக்கும் மொத்த நீளம் 26 அங்குலத்துக்கும் குறையக் கூடாது. குறைந்தால் அது ஏ.டி.எஃப் என்ற கூட்டாட்சி ஆயுதக் கண்காணிப்புத் துறையிடம் தனியாகப் பதிவு செய்யவேண்டிய சங்கதி. பதிவில்லாமல் வைத்திருந்தால் 10 வருஷம் வரை சிறை. கோட்டை உரசிக்கொண்டு நிற்கிற நீளம் இது. அதனால் ‘பின்னால் உள்ள ரப்பர் பட்டை தடியாக இருக்கிறது, மெல்லிசாக ஒன்று வாங்கி மாட்டலாம்’ என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். கால் அங்குலம் போனால் கதை மாறிவிடும்.

சரி, ஒரு அடி குறைவதால் வீட்டுக்குள் என்ன லாபம்? படுக்கையறைக் கதவு, குறுகலான நடைவழி, மாடிப்படித் திருப்பம், இங்கெல்லாம் முனை சுவரில் இடிக்காது. எடை முழுக்கத் தோள் பக்கம் இருப்பதால் ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கதவைத் திறக்கலாம், போனில் 911 அழுத்தலாம், குழந்தையை இழுத்துக்கொள்ளலாம். இதெல்லாம் நிஜமான லாபம், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் செய்யப்போவது வீடு முழுக்கத் தேடிப்போவதா என்ன? மகளையும் மனைவியையும் ஒரே அறைக்குள் சேர்த்து, கதவைப் பூட்டி, கட்டிலுக்குப் பின்னால் உட்கார்ந்து, போலீஸ் வரும்வரை கதவைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. அந்த வேலைக்கு 39 அங்குலம் ஒன்றும் தடையில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கே.எஸ்.ஜி. பேரலுக்குக் கீழே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தோட்டாக் குழாய். 2¾ அங்குலத் தோட்டா என்றால் 7ம் 7ம் 14, அறையில் ஒன்று சேர்த்து 15. காலி எடை 6.9 பவுண்டு. தோட்டா போடுவதும் காலி ஷெல் விழுவதும் ஒரே வாய் வழியாக, கட்டைக்கு அடியில். எந்தக் குழாயிலிருந்து தோட்டா வரவேண்டும் என்பதற்கு அடியில் ஒரு சின்ன நெம்பு இருக்கிறது. இடது, வலது, நடுவில் வைத்தால் இரண்டுமே அடைப்பு. இங்கேதான் சிக்கல். ஒரு குழாய் தீர்ந்தால் துப்பாக்கி தானாக அடுத்ததற்கு மாறாது. நீங்கள்தான் நெம்பைத் தள்ளி, மறுபடி பம்ப் செய்யவேண்டும்.

நான் வார இறுதிகளில் ஒரு ரேஞ்சில் (சுடும் பயிற்சிக் கூடத்தில்) புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு மாலை வகுப்பில் விளக்கைக் குறைத்துவிட்டு நேரம் வைத்துச் சுடச் சொன்னோம். கே.எஸ்.ஜி வைத்திருந்த ஒருவர், நன்றாகச் சுடக்கூடியவர், ஏழு போட்டார், எட்டாவதில் ‘க்ளிக்’. பம்ப் செய்தார், மறுபடி ‘க்ளிக்’. மறுபடி பம்ப். நெம்பு என்று ஒன்று இருப்பதே அவருக்கு நினைவுக்கு வரவில்லை. நாலு செகண்ட் இருக்கும், பார்த்துக்கொண்டிருந்த எனக்கு நாலு நிமிஷம் மாதிரி இருந்தது. எட்டு வருஷமாக அந்தத் துப்பாக்கியை வைத்திருப்பவர் அவர். 14 தோட்டா என்று விளம்பரம் சொல்வதை ‘ஏழு, அப்புறம் ஒரு யோசனை, அப்புறம் ஏழு’ என்று படிக்கவேண்டும்.

கே.எஸ்.ஜியில் இன்னொரு விஷயம், இதை யார் வாங்கினாலும் நான் சொல்லிவிடுவேன்: முன்கைப்பிடி பேரல் முனைக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. பதற்றத்தில் வேகமாகப் பம்ப் செய்யும்போது கை முன்னால் வழுக்கினால் விரல் முனைக்கு முன்னால் போய்விடும். அதற்கு மேல் விவரிக்க வேண்டாம். அடியில் ஒரு செங்குத்துப் பிடியோ கையைத் தடுக்கிற குமிழோ மாட்டாமல் ஒரு தோட்டாகூடச் சுடாதீர்கள்.

எம் அண்ட் பி 12. 2021ல் வந்தது, கே.எஸ்.ஜியின் குறைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைந்தது போல இருக்கும். இதுவும் இரட்டைக் குழாய், 7ம் 7ம். பேரல் 19 அங்குலம், மொத்தம் 27.8. குழாய் மாற்றுவதற்கு நெம்புக்குப் பதில் அழுத்துகிற பட்டன். சேஃப்டி கட்டைவிரலுக்கு வாகாக, ஏ.ஆர் ரைஃபிளில் இருப்பது போல, இரண்டு பக்கமும். கே.எஸ்.ஜியில் இது குறுக்காகத் தள்ளுகிற பட்டன். ரைஃபிள் பழகிய கைக்கு எம் அண்ட் பி உடனே ஒத்துப்போகும். பேரல் முனையில் சோக் (குண்டுகள் சிதறுகிற அளவைக் கட்டுப்படுத்துகிற துண்டு) மாற்றலாம். கையில் எடுத்தால் ஒரு திடம் தெரிகிறது, பம்ப் வழுவழுவென்று போகிறது. குறை என்றால் எடை: காலியாக 8.3 பவுண்டு. ஒரு பக்‌ஷாட் தோட்டா (பெரிய ஈயக் குண்டுகள் அடைத்தது) ஐம்பது கிராமுக்குக் கொஞ்சம் கம்மி என்று வைத்தால், பதினான்கு போட்ட பிறகு கிட்டத்தட்ட 10 பவுண்டு. உங்களுக்குப் பரவாயில்லை, உங்கள் மனைவிக்கு? அறிமுக விலை 1,165 டாலர். இதுவும் குழாய் தீர்ந்தால் தானாக மாறாது.

யு.டி.எஸ்-15 துருக்கித் தயாரிப்பு. 28.3 அங்குலம், இரட்டைக் குழாய் பேரலுக்கு மேலே. தாளில் பார்த்தால் இதுதான் புத்திசாலி: இடது, வலது தவிர, இரண்டிலிருந்தும் மாறி மாறித் தானே எடுக்கும்படியும் வைக்கலாம். ஆனால் தோட்டா போடுவது பக்கவாட்டில் உள்ள சின்னக் கதவுகள் வழியாக, அதை இருட்டில் செய்துபார்த்தால் தெரியும் பாடு. ஆரம்ப காலத்தில் இது மாட்டிக்கொள்கிறது என்ற புகார் பரவலாக இருந்தது, அந்தப் பெயரை இன்னும் முழுசாகக் கழுவவில்லை. சேகரிப்பவர் வாங்கட்டும். உயிரை நம்பி வைக்கிற பொருளுக்கு நான் சொல்லமாட்டேன்.

இப்போது கடைக்காரர் காட்டிய கே.எஸ்.7. கே.எஸ்.ஜியின் தம்பி. அதே 18.5 பேரல், அதே 26.1 நீளம், ஆனால் ஒரே குழாய், 7ம் அறையில் 1ம். நெம்பு கிடையாது, யோசிக்க ஒன்றுமில்லை, தீர்ந்தால் தீர்ந்தது. மேலே தூக்குகிற கைப்பிடி போல ஒன்று இருக்கும், அதிலேயே குறிபார்க்கப் பச்சையாக ஒளிரும் ஃபைபர் புள்ளி. கே.எஸ்.ஜியிலும் எம் அண்ட் பியிலும் மேலே வெறும் தண்டவாளம்தான், குறிபார்க்கும் கருவியைத் தனியாக வாங்கி மாட்டவேண்டும், அந்தச் செலவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. 2020ல் வந்தபோது கே.எஸ்.7 விலை 495 டாலர். எடை 5.9 பவுண்டு, இதுதான் வரமும் சாபமும். தூக்கச் சுகம், சுட்டால் தோள் பேசும். அதே தோட்டாவைப் போட்டால் உதைக்கிற ஆற்றல் துப்பாக்கியின் எடைக்கு எதிர்விகிதத்தில் போகும், ஆகவே எம் அண்ட் பியில் வருவதைவிடச் சுமார் 40 சதவீதம் அதிகம்.

எல்லாப் புல்பப் பம்புக்கும் பொதுவாக ஒரு குறை உண்டு, அதைச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. பம்ப் ஷாட்கனில் பயந்தவர் செய்கிற முதல் தப்பு, கைப்பிடியை முழுசாகப் பின்னால் இழுக்காமல் பாதியில் திருப்பித் தள்ளுவது. ரேஞ்சில் இதை ‘ஷார்ட் ஸ்ட்ரோக்’ என்போம். காலி ஷெல் வெளியே வராது, புதுசு உள்ளே போகாது, இரண்டும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். சாதாரண 870ல் இது உங்கள் கண்ணுக்கு முன்னால் நடக்கும், விரலை விட்டு எடுத்துவிடலாம். புல்பப்பில் அந்த வாய் உங்கள் அக்குளுக்குள் இருக்கிறது. தோளிலிருந்து இறக்கி, திருப்பி, அடியில் பார்த்து, இருட்டில், கை நடுங்க. புதுத்தோட்டா போடுவதும் அப்படியே. சாதாரணத் துப்பாக்கியைத் தோளில் வைத்தபடியே ஒரு தோட்டாவைப் பக்கவாட்டு வாயில் போட்டு மூடிச் சுடலாம், இதில் அந்த வசதி போய்விட்டது.

ஆக, என் முடிவு கேட்டால்: புல்பப்தான் என்ற பிடிவாதம் தளராவிட்டால், நீங்கள் மட்டும் எடுக்கப்போகிறீர்கள், மாதம் ஒரு தடவை ரேஞ்சுக்குப் போவேன் என்றால் எம் அண்ட் பி 12. மாதம் ஒரு தடவை நடக்காது என்று உங்களுக்கே தெரிந்தால் கே.எஸ்.7, மிச்சக் காசில் மெதுவான உதைப்புத் தோட்டாவும் ஒரு நல்ல பெட்டகமும். பிடிவாதம் தளர்ந்தால், மாஸ்பெர்க் 590ஐக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள். வாங்குவதற்கு முன்னால் நாலையும் வாடகைக்குத் தருகிற ரேஞ்ச் கிடைத்தால் ஒவ்வொன்றிலும் ஒரு 20 தோட்டா சுட்டுப் பாருங்கள், என் பதிலைவிட அது உபயோகம்.

கேள்வி: நான் ஐந்து அடி உயரம், 50 கிலோ. கணவர் கே.எஸ்.ஜி வாங்கி வைத்திருக்கிறார். ஒரு தடவை சுட்டேன், தோள் நீலம் பூத்துவிட்டது. ‘பழகிவிடும்’ என்கிறார். பழகுமா?

பதில்: பழகாதும்மா. நீங்கள் அதைத் தொடவே மாட்டீர்கள், அதுதான் நடக்கும். வீட்டில் இரண்டு பேரில் ஒருவருக்குப் பயமான துப்பாக்கி பாதி துப்பாக்கிதான்.

உங்கள் கணவர் அன்றைக்கு என்ன தோட்டா போட்டுக் கொடுத்தார் என்று கேளுங்கள். பெரும்பாலும் நொடிக்கு 1,300 அடிக்கு மேல் போகிற முழு வேகப் பக்‌ஷாட்டாக இருக்கும். போலீஸ்காரர்களுக்காகச் செய்கிற குறைந்த உதைப்புத் தோட்டா நொடிக்கு 1,145 அடி அளவில் போகும், வீட்டுத் தூரத்துக்கு அது தாராளம். செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன்கள் சில இந்த மெதுவான தோட்டாவுக்கு மக்கர் பண்ணும், பம்புக்கு அந்தக் கவலை இல்லை, இயக்குவது உங்கள் கைதானே. பயிற்சிக்கு இன்னும் லேசான பேர்ட்ஷாட் (பறவைக்கான பொடிக் குண்டு) போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் நிற்கிற விதம்: பின்னால் சாய்ந்துகொண்டு சுட்டிருப்பீர்கள், முதல் தடவை எல்லோரும் அப்படித்தான். இடுப்பிலிருந்து கொஞ்சம் முன்னால் சாய்ந்து, கட்டையைத் தோள்குழிக்குள் இறுக்கி, முன்கையால் முன்னால் தள்ளி, பின்கையால் பின்னால் இழுத்துப் பிடித்தால் பாதி உதை அங்கேயே செத்துவிடும்.

இதெல்லாம் செய்தும் ஒத்துவராவிட்டால் கெல்-டெக்கே .410 அளவில் ஒரு கே.எஸ்.ஜி செய்கிறது. சின்னத் தோட்டா, உதைப்பு ரொம்பக் குறைவு. ‘.410 போதுமா’ என்று உங்கள் கணவர் உதட்டைப் பிதுக்குவார். நீங்கள் குறி தப்பாமல் சுடுகிற .410, அவர் பெட்டிக்குள் இருக்கிற 12 கேஜ் என்ற பெரிய அளவை விட மேல் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: எச்-1பி விசாவில் நியூஜெர்சியில் இருக்கிறேன். மனைவி எச்-4. துப்பாக்கி வாங்கலாமா? வேட்டை உரிமம் எடுத்தால் வாங்கலாம் என்று நண்பர் சொல்கிறார்.

பதில்: நண்பர் சொன்னது முழுப் பொய் இல்லை, அதனால்தான் ஆபத்து.

கூட்டாட்சிச் சட்டப்படி குடியேற்றம் அல்லாத விசாவில் உள்ளே வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே குற்றம். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, பி-2 எல்லாம் அதில் அடக்கம். வாங்குவது மட்டும்தான் தப்பு என்று நினைக்காதீர்கள், கையில் இருப்பதே தப்பு. இதற்கு விதிவிலக்குகள் உண்டு, அதில் ஒன்று ஏதாவது ஒரு மாநிலம் முறையாகக் கொடுத்த, காலாவதி ஆகாத வேட்டை உரிமம். கடையில் நிரப்புகிற 4473 படிவத்திலேயே இந்தக் கேள்வி வரும். சரி, உரிமம் எடுத்து வாங்கிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அந்த உரிமம் காலாவதியாகிற அன்று ராத்திரி 12 மணிக்கு உங்கள் அலமாரியில் இருப்பது குற்றப் பொருள். புதுப்பிக்க மறந்தால், ஊருக்குப் போயிருந்தால், யாருக்குத் தெரியப்போகிறது என்று இருந்தால்? துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை என்பது நாடு கடத்துவதற்கே தனிக் காரணம். பத்து வருஷம் கிரீன் கார்டுக்கு வரிசையில் நின்றதெல்லாம் ஒரு காகிதத் தேதியில் தொங்கும். இதற்கு மேல் நியூஜெர்சியில் ஷாட்கன் வாங்கத் துப்பாக்கி வாங்குவோருக்கான மாநில அடையாள அட்டை வேறு வேண்டும்.

என் பேச்சைக் கேட்டால், கிரீன் கார்டு வரட்டும். கிரீன் கார்டுக்காரர்கள் வாங்கலாம், அந்தத் தடை அவர்களுக்குக் கிடையாது. அதுவரை கனமான கதவு, நீளமான திருகாணிகளோடு நல்ல பூட்டுத் தகடு, வெளிச்சம், ஒரு நாய். அவசியம் வாங்கத்தான் வேண்டும் என்றால் குடியேற்ற வழக்கறிஞரிடம் காசு கொடுத்துக் கேளுங்கள், நண்பரிடம் சும்மா கேட்காதீர்கள்.

கிரீன் கார்டு, குடியுரிமை உள்ளவர்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. அப்பா அம்மா ஆறு மாதம் வந்து தங்குகிறார்கள், பி-2 விசா. பெட்டகத்தின் எண்ணை ‘அவசரத்துக்கு இருக்கட்டும்’ என்று அப்பாவிடம் சொல்லி வைக்காதீர்கள். அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் துப்பாக்கி இருந்தால் அவர் வைத்திருப்பதாகவே வழக்குப் போட இடம் உண்டு.

கேள்வி: புல்பப் எதற்கு, மாஸ்பெர்க் ஷாக்வேவ் அதே நீளம்தானே?

பதில்: நீளம் அதேதான், 26 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். பேரல் 14 அங்குலம். தோள்கட்டையே இல்லாமல் தயாரிக்கப்பட்டதால் சட்டக் கண்ணில் அது ஷாட்கன் இல்லை, வெறும் ‘துப்பாக்கி’. அதனால்தான் குட்டையாக இருந்தும் பதிவில்லாமல் விற்கிறார்கள், அதனால்தான் கடையில் வாங்க 18 வயது போதாது, 21 வேண்டும். சில மாநிலங்களில் அதுவும் நடக்காது. சினிமாவில் இடுப்பிலிருந்து சுடுவார்களே, அதற்கு நன்றாக இருக்கும். நிஜத்தில் தோளில் பதியாத 12 கேஜால் பத்து அடியிலும் குறி தவறும். இந்த ஒரு ஒப்பீட்டில் எனக்குச் சந்தேகமே இல்லை, புல்பப்தான்.

கேள்வி: ஷாட்கன் குறிபார்க்க வேண்டாம், சிதறிப் போய் எல்லாவற்றையும் அடிக்கும், சுவரையும் தாண்டாது என்கிறார்கள். குழந்தைகள் அறை பக்கத்து அறை. பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படுவது சரி. நீங்கள் கேட்டதில் இரண்டுமே தப்பு.

12 கேஜ் டபுள் ஆட் (00) பக்‌ஷாட்டில் 8 அல்லது 9 ஈயக் குண்டுகள், ஒவ்வொன்றும் 8.4 மில்லிமீட்டர் குறுக்களவு. வீட்டுக்குள் சுடுகிற அதிகபட்சத் தூரம் ஏழெட்டு கஜம். அந்தத் தூரத்தில் அவை விரிவது உள்ளங்கை அளவுதான். நல்ல தக்கை வைத்த தோட்டாவில் இன்னும் குறைவு. குறி பார்க்காமல் சுட்டால் ஒன்பதும் சேர்ந்தே தவறும். தவறினால் எங்கே போகும்? அமெரிக்க வீட்டு உள்சுவர் என்பது மரச் சட்டத்தின் இரண்டு பக்கமும் அரை அங்குல ஜிப்சம் பலகை, அவ்வளவே. பக்‌ஷாட் அப்படி இரண்டு மூன்று சுவர்களைத் தாண்டி உயிர் எடுக்கிற வேகத்தோடு போகும்.

‘அப்படியானால் பேர்ட்ஷாட் போடலாமே’ என்பார்கள். 8ஆம் நம்பர் பேர்ட்ஷாட் குண்டு 2.3 மில்லிமீட்டர், பறவைக்கானது. சுவரில் வேகம் சீக்கிரம் குறையும் என்பது உண்மை, மனித உடம்பிலும் அப்படியே மேலோட்டமாக நின்றுவிடும் என்பதும் உண்மை. நடுவில் 4ஆம் நம்பர் பக்‌ஷாட் இருக்கிறது, 6 மில்லிமீட்டர், சாதாரணத் தோட்டா ஒன்றில் சுமார் 27, டபுள் ஆட்டை விட ஒவ்வொரு குண்டும் கொஞ்சம் முன்னதாக வேகம் இழக்கும். ஆனாலும் சுவரைத் தாண்டும்.

தோட்டாவில் தீர்வு தேடாதீர்கள், வீட்டின் வரைபடத்தில் தேடுங்கள். பகலில், துப்பாக்கி இல்லாமல், நீங்கள் நிற்கப்போகிற இடத்தில் நின்று கையை நீட்டிப் பாருங்கள். அந்தக் கோட்டின் மறுமுனையில் குழந்தைகள் அறை இருக்கிறதா? இருந்தால் நிற்கிற இடத்தை மாற்றுங்கள். வெளிச்சுவர், செங்கல் அடுப்புச் சுவர், புத்தகம் நிறைந்த அலமாரி பின்னணியில் வரும்படி ஒரு மூலை கிடைக்கும். குழந்தைகளை உங்கள் முதுகுப் பக்கம் கொண்டுவர வழியிருக்கிறதா பாருங்கள். குண்டு நுழைந்த இடத்துக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதற்கும் நீங்கள்தான் பொறுப்பு, உள்ளே வந்தவன் திருடனாகவே இருந்தாலும்.

கேள்வி: பம்ப் செய்கிற ‘சக்-சக்’ சத்தம் கேட்டாலே ஓடிவிடுவான் என்பது உண்மையா? அறையில் தோட்டா போட்டே வைக்கலாமா, காலியாக வைக்கலாமா?

பதில்: சத்தத்துக்கு ஓடுகிறவன் ‘போலீஸுக்குப் போன் பண்ணிவிட்டேன்’ என்று நீங்கள் கத்தினாலும் ஓடுவான், அதற்கு ஆயிரம் டாலர் செலவழிக்கத் தேவையில்லை. ஓடாதவனுக்கு நீங்கள் எந்த அறையில் இருக்கிறீர்கள் என்று தெரிந்துவிட்டது.

ஆனால் அறையைக் காலியாக வைக்கச் சொல்வேன், காரணம் வேறு. பெரும்பாலான ஷாட்கன்களில் சேஃப்டி பூட்டுவது விசையை மட்டும்தான். அறையில் தோட்டாவோடு கீழே விழுந்தால் வெடிக்காது என்று சத்தியம் செய்ய முடியாது. குழாயில் தோட்டா, அறை காலி, காலி அறையில் விசையை இழுத்து உள்சுத்தியல் இறங்கிய நிலை: அமெரிக்கப் போலீஸ் வண்டிகளில் இப்படித்தான் வைப்பார்கள். எடுத்து ஒரு தடவை பம்ப் செய்தால் தயார். கே.எஸ்.ஜியில் ஒரு எச்சரிக்கை, நெம்பு நடுவில் நிற்கக் கூடாது. நடுவில் இருந்தால் பம்ப் செய்வீர்கள், சத்தம் கேட்கும், உள்ளே ஒன்றும் வராது.

அப்புறம் கட்டாயமாகப் பெட்டகம். கட்டிலுக்கு அடியில், துணி அலமாரி மேல்தட்டில் என்று யாராவது எழுதினால் இனி பதில் போடமாட்டேன். டெக்சஸில் உங்கள் அலட்சியத்தால் 17 வயதுக்குக் குறைந்த பிள்ளை கையில் சுடத் தயாரான துப்பாக்கி கிடைத்துவிட்டால் அது உங்கள் குற்றம், பல மாநிலங்களில் இன்னும் கடுமை. எண் அழுத்தினால் திறக்கிற நீளப் பெட்டகங்கள் வருகின்றன, சுவரோடும் தரையோடும் போல்ட் போடவேண்டும். இந்த இடத்தில் புல்பப்புக்கு ஒரு மதிப்பெண் கொடுக்கத்தான் வேண்டும்: 39 அங்குலத் துப்பாக்கிக்கு ஆளுயரப் பெட்டி தேவைப்படுகிற இடத்தில், 26 அங்குலத்தைக் கட்டிலை ஒட்டிய குட்டைப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். எழுந்து நடக்காமல் எடுக்கலாம். எனக்குத் தெரிந்து ஒருவர் இந்த ஒரே காரணத்துக்காகப் புல்பப் வாங்கினார், அவரோடு வாதாட எனக்கு வாய் வரவில்லை.

கேள்வி: நான் இடக்கைக்காரன். எனக்கு எது?

பதில்: கே.எஸ்.ஜி, கே.எஸ்.7, எம் அண்ட் பி 12 மூன்றும் காலி ஷெல்லைக் கீழே தள்ளுகின்றன, எந்தத் தோளிலும் வைக்கலாம். பக்கவாட்டில் தள்ளுகிற எந்தப் புல்பப்பையும் தொடாதீர்கள். சூடான ஷெல் நேராகக் கன்னத்துக்கு வரும்.